பீரோவுக்குள் பூட்டிய அகராதி

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி விசித்திரசித்தன் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். இந்த நான்கு பொருள்களையும் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சுதை என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐயம் எழுந்தால் அது எங்கே போகும்? வீட்டில் புத்தக அலமாரி இல்லை. பள்ளியில் அகராதி இருந்தால் அது தலைமையாசிரியர் அறைப் பீரோவில், கிழிந்துவிடுமே என்ற கவலையுடன் பூட்டப்பட்டிருக்கும்.

அகராதி பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கப்பள்ளியிலேயே, நான்கு நான்கு பிள்ளைகளாக உட்காரவைத்து, விளையாட்டாகவே கற்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னதும் இலக்கிய நண்பர்களிடமிருந்தே இரண்டு மறுப்புகள் வருகின்றன.

முதல் மறுப்பு பழம்பெருமையிலிருந்து வருவது. நிகண்டை நெட்டுருப் போட்ட தலைமுறை புலமை பெற்றது, விளையாடிய தலைமுறை எதைப் பெற்றது என்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனனம் செய்தவர்களின் சொல்வளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நிகண்டு மனனம் செய்தவனுக்கு மட்டுமே திறக்கும் கதவு. அதனால்தான் வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தது பெரிய காரியமாகிறது. (அதற்கு முன்பே 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டு செய்திருந்தார், முழுப் பெருமையையும் பாதிரியார் தலையிலேயே கட்ட வேண்டியதில்லை.) அகர வரிசை என்பது தெரியாதவனுக்காக உண்டானது. ஆசான் அருகில் இல்லாதவனும் சொல்லைத் தேடிக் கண்டடையலாம் என்ற ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை எந்தப் பிள்ளைக்குக் கற்பிக்காமல் விடுகிறோமோ அந்தப் பிள்ளை ஆயுள் முழுதும் பிறர் வாயையே பார்த்து நிற்கும்.

இரண்டாவது மறுப்பு கைபேசி. தட்டினால் பொருள் வருகிறதே என்கிறார்கள். வருகிறது, பெரும்பாலும் முதலில் வந்த பொருளோடு பிள்ளை திருப்தியடைந்துவிடுகிறது. அகராதியில் சுதைக்குச் சுண்ணச்சாந்து என்ற பொருளும் உண்டு, அமுதம் என்பதும் உண்டு, மகள் என்பதும் உண்டு. மன்னன் அமுதமில்லாமல் கோயில் கட்டினானா, மகளில்லாமல் கட்டினானா என்று நான்கு பிள்ளைகள் சிரித்துச் சண்டையிட்டுச் சாந்துக்கு வந்து சேர்வதில் இருக்கிறது பாடம்.

தமிழ் அகராதியைப் புரட்டுவது எளிதென்று நினைப்பவர்கள் புரட்டிப் பார்த்து வெகுநாளாகியிருக்க வேண்டும். பாடத்தில் ‘நின்றாள்’ என்றிருக்கும். அகராதியிலோ ‘நில்’ என்றுதான் கிடைக்கும். ‘கேட்டான்’ கேள் என்பதற்குள் ஒளிந்திருக்கிறான், ‘மரத்தை’ மரத்துக்குள். விகுதியையும் வேற்றுமையையும் உரித்தெடுக்கத் தெரியாத பிள்ளைக்கு அகராதி காலியான புத்தகம். அடுத்தது வரிசை. எழுத்து அட்டவணையை ராகம் போட்டுப் பாடும் பிள்ளையிடம், அகம் முன்னா அக்கா முன்னா என்று கேளுங்கள், திகைக்கும். புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது, ஆகவே அக்காவே முன். எழுத்துகளின் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி நிரலும் இங்கே அகத்தை முன்னே வைத்துத் தவறும். கணினிக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதைப் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

விளையாட்டுக்குப் பெரிய செலவில்லை. நால்வருக்கு ஓர் அகராதி. ஒருவர் பாடத்துச் சொல்லிலிருந்து தலைச்சொல்லைச் சொல்வார். ஒருவர் புத்தகத்தை மூடியபடி பிடித்து, அது எந்த இடத்தில் இருக்கும் என்று ஊகித்துத் திறப்பார். மூன்றாமவர் பக்கத்தின் உச்சியில் அச்சிட்ட சொற்களைப் பார்த்து முன்னும் பின்னும் தள்ளுவார். நான்காமவர் பொருள்களைப் படிக்க, எது பொருந்தும் என்று நால்வரும் தீர்மானிப்பார்கள். அடுத்த சொல்லுக்கு வேலைகள் மாறும். வேகத்துக்கு மதிப்பெண் தரக் கூடாது. தந்தால் கெட்டிக்காரப் பிள்ளை புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மிகக் குறைவான தாள்களைப் புரட்டிய குழு வென்றதாகட்டும். தெரியாது என்று வகுப்பு முன் எழுந்து சொல்லக் கூசும் பிள்ளை, தோழியின் தோளோடு தோள் சாய்ந்து அதையே கூச்சமின்றிச் சொல்லும்.

குழுவாக உட்கார்வது நம் பள்ளிகளுக்குப் புதிதுமல்ல. ரிஷிவேலியில் கண்டுவந்த முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தே உட்காரவைத்தது. பாய் விரித்தாகிவிட்டது, அட்டைகள் வந்துவிட்டன. நடுவில் வைக்க வேண்டிய புத்தகத்தை மட்டும் மறந்துவிட்டோம். வீரமாமுனிவர் பிறந்த நவம்பர் 8-ஐ 2019 முதல் அகராதியியல் நாளாக அரசு கொண்டாடுகிறது. நல்லது. மேடையும் விருதும் இருக்கட்டும். முப்பத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எட்டுக் கையகராதிகள், வாரத்தில் ஒரு பாடவேளை, அந்தப் பீரோவின் சாவி: நான் கேட்பது இவ்வளவே. கிழிந்தால் கிழியட்டும்; வேறு வாங்கிக் கொடுங்கள்.