பேசாத குழந்தைக்கு முதல் சோதனை காதுக்கு!

"அக்கா, ரெண்டரை வயசாச்சுங்க. 'அம்மா'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை வரமாட்டீங்குதுங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் கண் கலங்கினாள். அவள் மாமியாரோ, "இவங்கொப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். நாக்குல வசம்பைத் தேச்சு உடு கண்ணு, தானா வந்துரும்" என்றார். வசம்பு தேய்த்தே ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் வெள்ளகோவிலிலிருந்து கோவைக்கு பஸ் ஏறினோம். துணைக்கு நானும் போனேன்.

நாக்கைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். பேச்சுப் பயிற்சி நிபுணரோ முதலில் காதைச் சோதிக்கச் சொல்லிவிட்டார். காதில் விழுந்ததைத்தானே குழந்தை திருப்பிச் சொல்லும்! "கை தட்டினா திரும்பறானுங்களே" என்றாள் தாய். அது போதாதாம். கை அசைவைப் பார்த்தும் திரும்பலாம். பெரிய சத்தம் கேட்டு, 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஓசைகள் கேட்காமலும் போகலாம்.

காதில் சின்னக் குமிழை வைத்து ஒலி அனுப்பி, உட்செவியிலிருந்து வரும் எதிரொலியைப் பார்ப்பது ஒரு சோதனை. குழந்தை தூங்கும்போது தலையில் வில்லைகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியாகப் போகிறதா என்று பார்ப்பது 'பெரா' சோதனை. இரண்டிலும் வலி கிடையாது. பிறந்த சிசுவுக்கே செய்யலாம்.

பிறகு உதடு, நாக்கு, அண்ணம் பார்த்தார்கள். அதன்பின் விளையாட்டுதான்! "பந்தைக் கட்டிலுக்கு அடியில வை" என்று கை காட்டாமல் சொல்லி, புரிகிறதா என்று கவனித்தார்கள். படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். முகம் பார்க்கிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்றும் பார்த்தார்கள்.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. இப்போது கருவி மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறான். போன வாரம் என் வாசலில் நின்று, "பெரீம்மா, மாடு!" என்றான். அவன் அம்மாவுக்குத்தான் அந்த ஆறு மாதம் இன்னும் மனசை உறுத்துகிறது.

சகோதரிகளே, 1 வயதையொட்டி அர்த்தமுள்ள ஒரு சொல். 2 வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல். 3 வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் புரிகிற பேச்சு. இது கணக்கு. பிந்தினால் காத்திருக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு டாக்டர்கள் வருகிறார்கள். அவர்களிடம் சொன்னால் மாவட்ட மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

வசம்பு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் காதைக் காட்டுங்கள்!