லோட்டஸ் செவன்: மூன்றாவதும் நான்காவதும்

வேகம், சௌகரியம், மலிவு ஆகிய மூன்றும் ஒரே மோட்டார் வண்டியில் ஒருங்கே அமைதல் அரிது. ஆதலால் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே வண்டி அமைப்போரின் விவேகத்தைச் சோதிக்கும் வினாவாகும். இவ்வினாவிற்கு ஒரே தொழிற்சாலை ஈராண்டு இடைவெளியில் அளித்த இரு விடைகளை ஈண்டுச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டில், ஆங்கிலப் பொறிவல்லுநராகிய காலின் சாப்மன் என்பார் லோட்டஸ் செவன் என்னும் இலேசான வண்டியை வெளியிட்டார். எஃகுக் குழாய்களை இணைத்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, இருவர்க்கு இருக்கை, இவ்வளவே அது. உறுப்புக்களாக வாங்கித் தம் இல்லத்திலேயே பூட்டிக்கொள்வோர் கொள்முதல் வரியினின்றும் தப்பினர்.

1968-இல் வந்த மூன்றாம் வரிசை வண்டியும் இம்முறையையே தழுவியது. 1970-இல் வந்த நான்காம் வரிசையோ வேறு வழி சென்றது. அலுமினியம் நீங்கி, பைபர்கிளாஸ் உடல் வந்தது, உள்ளிடம் விரிந்தது, பக்கத் திரைகளில் நகர்த்தத்தக்க சன்னல்கள் அமைந்தன. இரண்டிலும் போர்டு கம்பெனியின் 1600 சி.சி. இயந்திரம் பொருத்தப்பெற்றது. ஆகவே இயந்திர வலிமையைக் காட்டிலும் நோக்கத்திலேயே இரண்டும் வேறுபட்டன எனலாம்.

நான்காவதை இகழ்வோர் பலர். அவ்விகழ்ச்சி முற்றும் நியாயமன்று. மழையும் குளிரும் மிக்க நாட்டில், நெடும்பிரயாணம் செய்வோர் சிறிது சௌகரியம் விரும்புதல் குற்றமாகாது. மேலும் அது ஏறக்குறைய 600 வண்டிகள் விற்று, மூன்றாவதை விஞ்சியது.

எனினும் எமது அபிப்பிராயத்தில் மூன்றாவதே சிறந்தது. சௌகரியம் வேண்டுவோர்க்குக் கதவும் பெட்டியறையும் உடைய எம்.ஜி. மிட்ஜெட் போன்ற வண்டிகள் அக்காலத்திலேயே இருந்தன. அவற்றோடு போட்டியிட முயன்ற நான்காவது, அவற்றின் வசதியை முற்றும் பெறவில்லை; தனக்கே உரிய எளிமையையும் ஓரளவு இழந்தது. மூன்றாவதோ, பிற வண்டிகள் தராத ஒன்றைத் தந்தது. சாலையின் ஒவ்வொரு வளைவையும் ஓட்டுவோன் தன் கையில் உணருமாறு செய்தது.

பின்னர் நிகழ்ந்தது இதனை வலியுறுத்தும். 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனம் இவ்வண்டியின் உரிமையைப் பெற்றுச் சிறிது காலம் நான்காவதையே செய்தது. அதன் உறுப்புக்கள் அருகியபோது, 1974-இல் மூன்றாவதன் அமைப்பிற்கே மீண்டது. கொள்முதல் வரியும் 1973-இல் நீங்கியமையால் பழைய வரிச்சலுகை மறைந்தது. ஆயினும் அவ்வமைப்பின் வழிவந்த வண்டிகள் இன்றளவும் விற்பனையாகின்றன. மலிவு ஒன்றே மக்களைக் கவர்ந்திருப்பின் இது நிகழ்ந்திராது அன்றோ?

பொறியியல் பயில விழையும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. ஒரு பொருளுக்குப் புதியதொன்றைச் சேர்க்குமுன், அது எதன்பொருட்டுத் தோன்றியது என வினவுதல் நலம். நான்காம் வரிசையை அமைத்தோரிடம் திறமைக்குக் குறைவில்லை. அவ்வினாவையே அவர்கள் போதிய அளவு வினவவில்லை என்பது எம் துணிபு.