எண்ணாக்கப்பட்டவர்கள்

1915 செப்டம்பரில் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போன பதினெட்டு வயது மகனை ருட்யார்ட் கிப்ளிங் ஆண்டுக்கணக்கில் தேடியலைந்த கதையை அறியாதோர் நம் இலக்கிய வட்டங்களில் குறைவு. அத்துயரம் மெய்யானது, அதனை நாம் எள்ளவில்லை. ஆனால், அதே போரில் மெசொப்பொத்தேமியாவில் உடலும் கிடைக்காது மறைந்த இந்தியச் சிப்பாய்களுள் ஒருவனது பெயரையேனும் நம்மால் சொல்ல இயலுமா?

இயலாது. ஏனெனில் அப்பெயர்கள் கல்லிலேயே எழுதப்படவில்லை. கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிரித்தானியப் படையினரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதிற் பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்களோ தத்தம் படைப்பிரிவின் கீழே வெறும் எண்ணிக்கையாயினர். இனம், பதவி, சமய வேறுபாடின்றி எல்லோரையும் ஒப்ப நினைவுகூர்வோம் என்று முழங்கிய போர்க்கல்லறை ஆணையம் செய்த காரியம் இது. கிப்ளிங்கும் அவ்வாணையத்தில் உறுப்பினர்.

பெயர் கிடைக்கவில்லை என்பது பொருந்தாச் சமாதானம். பிரான்சின் நவ் சப்பெல்லில் 1927இல் எழுப்பப்பட்ட சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளனவே! ஐரோப்பியர் காணும் இடத்தில் பெயர். காணாத இடத்தில் எண். 2021இல் அவ்வாணையமே தன் அறிக்கையில் இதனை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்கிறது அவ்வறிக்கை. இவர்களுட் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்.

நம்மவர் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடுவர்: "அவர்கள் அந்நியனுக்குக் கூலிக்குச் சண்டையிட்டவர்கள், நினைவுகூர என்ன இருக்கிறது?" தமிழ் கற்றோர் வாயில் இக்கேள்வி எழுவதே வியப்பு. ஆநிரை மீட்டு மடிந்தவனுக்கு மட்டுமா நம் முன்னோர் நடுகல் எடுத்தனர்? கவரச் சென்று வீழ்ந்தவனுக்கும் எடுத்தனர். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவன் என்பானைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வூரார் அவன் எவருக்காகப் போரிட்டான் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. தொல்காப்பியம் கூறும் காட்சி முதல் வாழ்த்து வரையிலான அறுதுறையும் கல்லைப் பற்றியவையே. உடல் கிடைத்ததா என்ற வினா அங்கு இல்லை. காணாமற்போனவனுக்கு வேண்டுவது உடலன்று, பெயர்.

ஆணையத்தை மட்டும் குற்றஞ்சொல்லி நாம் தப்பிவிடவும் முடியாது. இவ்வூரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்னும் பளிங்குப் பலகைகள் இந்தியாவின் பல ஊர்களிற் சுவரேறிக் கிடக்கின்றன. அங்கும் எண்தான், பெயரில்லை. அவற்றின் எதிரே நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் நாம் ஒருநாளேனும், "யார் அந்த இருவர்?" என்று கேட்டதுண்டா? மதராஸ் சாப்பர்களும் மெசொப்பொத்தேமியாவுக்குச் சென்றவர்களே. நம் தமிழ்த்துறைகள் வெட்சி, கரந்தை பற்றி ஆண்டுதோறும் ஆய்வேடுகளை அடுக்குகின்றன. அவற்றுள் ஒன்றேனும் இச்சிப்பாய்களின் பெயர்களைத் தேடி ஒரு கிராமத்திற்குச் செல்லுமாயின், அதுவே நடுகல். அதுவரை, நடுகல் மரபு குறித்த நம் பெருமிதம் வெறும் வகுப்பறைப் பேச்சே.