நரிப்பயறுக்கு ஒரு வக்காலத்து

பொட்டி தட்டுறவனுக்கு விவசாயத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்களே. ஒரகடத்துல குடியிருந்துக்கிட்டு தினமும் கம்பெனி பஸ்ல போய் வர்றவன் நான். ஜன்னல் வழியா பாத்தா ஒரு பக்கம் சிப்காட் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் ஏரிக்குக் கீழே மிச்சமிருக்கிற நெல் வயல். அந்த மிச்சத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவுல சோளக்கொல்லைக்காரங்க குளிர்காலத்துல 'வெட்ச்'னு ஒரு பயறுக் கொடியை விதைச்சு, அப்புறம் மடக்கிப் போட்டு உரமாக்குறாங்க. அது குளிருக்குப் பழகின செடி, நம்ம வெயிலுக்கு ஆகாது. ஆனா அதோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு. அதுதான் நரிப்பயறு. தெலுங்குல பில்லிபெசரா, அதாவது பூனைப்பயறு. (நமக்கு நரி, அவங்களுக்குப் பூனை. :-)) மூணு பிளவா இலை, மஞ்சப் பூ, தரையோட படர்ற கொடி.

இதுல அப்படி என்ன விசேஷம்? பயறு வகைச் செடிங்களோட வேர் முடிச்சுல இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். பூக்கிற சமயத்துல மடக்கி உழுதா அது மண்ணுக்குப் போகும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி எல்லாமே இதைச் செய்யும். ஆனா கொழிஞ்சியை மாடு சீண்டாது. நரிப்பயறு நல்ல தீவனம். ஒண்ணு ரெண்டு தடவை அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டு, மறுபடி துளுத்ததை மடக்கி உழலாம். விதையும் ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ போதும். தக்கைப்பூண்டுன்னா 20 கிலோ வேணும். ஒரே குறை, தண்ணி தேங்கினா தாங்காது. சம்பா அறுப்பு முடிஞ்ச ஈரத்துல விதைச்சா அந்தக் கவலை இல்லை.

"அறுத்து மாட்டுக்குப் போட்டா மண்ணுக்கு என்ன மிஞ்சும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனா சாணம் வயலுக்குத் திரும்பினா அதுல பாதிக் கணக்கு நேராயிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2024-ல அரசாங்கம் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் கொண்டுவந்து பசுந்தாளுர விதைக்கு மானியம் அறிவிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா எங்க ஏரியாவுல விதை மட்டும் பிரச்சினை இல்லை. சிப்காட் வந்து நிலம் விலை ஏறின இடத்துல, பயிர் வைக்கிற பல பேருக்கு நிலம் சொந்தமில்லை. வாய்வார்த்தைக் குத்தகை. அடுத்த வருஷம் அதே வயல் கையில இருக்குமா, பிளாட் போட்டுடுவாங்களான்னு தெரியாது. பசுந்தாள் உரம் அடுத்த போகத்துக்குப் பலன் தர்ற முதலீடு. அடுத்த போகமே நிச்சயமில்லாதவர் எதுக்குய்யா மண்ணுல காசு போடணும்? 266 ரூபா 50 காசுக்கு 45 கிலோ யூரியா மூட்டை கிடைக்குது, இந்தப் போகத்துக்கே பலன் தெரியுது. அவர் செய்றது தப்பே இல்லை, சரியான கணக்கு.

இந்தக் கணக்குல ஜெயிக்கக்கூடியது நரிப்பயறுதான். ஏன்னா தீவனமா இந்த சீசன்லயே பால் காசு ஆயிடும். மண்ணுக்குக் கிடைக்கிறது போனஸ். அதனால மானிய விதை குடுக்கிறவங்க, குத்தகைக்காரங்க அதிகம் இருக்கிற ஊர்ல தக்கைப்பூண்டோட இதையும் குடுக்கணும்ங்கிறது என் கட்சி.

அடுத்தது நம்மாளுங்களுக்கு. அப்பா காலத்து நிலத்தையோ, முதலீடுன்னு வாங்கின நிலத்தையோ குத்தகைக்கு விட்டுட்டு விலை ஏறட்டும்னு காத்திருக்கிற சாஃப்ட்வேர் மக்கள் நிறைய பேரு இருக்கோம். விக்கிறது உங்க உரிமை. ஆனா மூணு வருஷம் விக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சா, அதைக் குத்தகைக்காரர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க, முடிஞ்சா எழுதியே குடுங்க. அந்த ஒரு உறுதி இருந்தா மண்ணை அவர் பாத்துப்பார்.

டிஸ்கி: பூ பிடிச்சதும் உழுதிடணும். காய் முத்த விட்டா தண்டு நாராகி மக்க நாளாகும், சத்தும் விதைக்குப் போயிடும்.