அப்ப ஹெலி ஓட்டின வெள்ளைக்காரர்

கனநாளாக எழுத வேணும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விசயம் இது. கிச்சினில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். இன்றைக்கு லீவு, அதனால் எழுதுகிறேன்.

2022 ஒக்ரோபரில் இந்த நாட்டு ரிவியும் பேப்பரும் இரண்டு மூன்று நாள் ஒரே கொதிப்பு. பிரித்தானியப் படைகளில் இருந்து விலகிய விமானிகள் 30 பேர் வரையில் சீன இராணுவ விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார்கள் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. தைபூன், டொர்னாடோ, ஹரியர் ஓட்டினவர்கள். தென்னாபிரிக்காவில் உள்ள ஒரு பறப்புப் பயிற்சி நிறுவனம் ஊடாகத்தான் ஆள் பிடித்தார்கள் என்று அமைச்சு சொன்னது. சம்பளம் வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பவுண் வரை. நான் பத்து வருசம் வெங்காயம் வெட்டினாலும் அந்தக் காசு வராது, அது வேறு கதை.

அடுத்த வருடம், 2023 ஜூலையில், தேசியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மசோதா முன்பே பாராளுமன்றத்தில் இருந்ததுதான், ஆனால் இப்படிப் போகிறவர்களைப் பிடிக்க அது உதவும் என்று அமைச்சர்களே சொன்னார்கள். 2024 ஜூனில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் சேர்ந்து இன்னொரு எச்சரிக்கை விட்டன. அமெரிக்க மரைன் படையில் விமானியாக இருந்து பிறகு அவுஸ்திரேலியக் குடிமகனாகிய டானியல் டக்கன் என்பவரை, சீன விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் 2022 இலேயே பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் மறுக்கிறார். 2024 டிசம்பரில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப அவுஸ்திரேலிய அரசு சம்மதித்தது.

இதிலே எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஒரு நாடு காசு செலவழித்துப் பழக்கிய கையை இன்னொரு நாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் அது நியாயம்தான். என்னை உறுத்தியது வேறு. இதே லண்டனில் இருந்து, இதே நாட்டின் படைகளில் பழகிய விமானிகள் எங்கட தலைக்கு மேலே பறந்தபோது இந்தச் சட்டமும் கொதிப்பும் எங்கே இருந்தன?

புதிதாக வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கே.எம்.எஸ். என்று ஒரு கம்பனி, முழுப் பெயர் கீனி மீனி சேர்விசஸ். பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ். படையில் இருந்த அதிகாரிகள் எழுபதுகளில் தொடங்கியது. 1984 இல் இலங்கை அரசு இவர்களைக் கூப்பிட்டது. களுத்துறைக்குக் கிட்ட கட்டுக்குருந்தையில் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது இவர்கள்தான். அதோடு நிற்கவில்லை. விமானப்படைக்கு பெல் ஹெலிகள் வந்த வேகத்துக்கு ஓட்ட ஆள் இல்லை. அதனால் பிரித்தானியப் படைகளில் இருந்து விலகிய விமானிகளைக் கொண்டுபோய் அந்த ஹெலிகளில் இருத்தினார்கள்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பொம்மர் சத்தம் வேறு, ஹெலிச் சத்தம் வேறு. பொம்மர் வந்தால் சத்தம் கேட்கிறதற்குள் போய்விடும். ஹெலி பனைமரத்துக்கு மேலால் பதிந்து வந்து, வட்டம் சுற்றி, திரும்பவும் வரும். அம்மா எங்களைப் பங்கருக்குள் தள்ளிவிட்டு அடுப்பில் இருந்த விறகை இழுத்து அணைப்பா, புகை தெரியக் கூடாது என்று. “ஹெலி ஓட்டுறது வெள்ளைக்காரனாம்” என்று சந்தியில் கதைப்பார்கள். அது சும்மா புழுகு என்று சிரித்தவர்களும் உண்டு.

புழுகு இல்லை. ரிம் சிமித் என்ற பிரித்தானிய முன்னாள் இராணுவ ஹெலி விமானி, 1986 இல் தான் இலங்கையில் ஓட்டிய அனுபவங்களை 2002 இல் புத்தகமாகவே எழுதினார். தலைப்பு, ‘மனமில்லாத கூலிப்படையாள்’ என்ற கருத்தில். 2020 இல் பில் மில்லர் என்ற பத்திரிகையாளர், திறக்கப்பட்ட அரச கோப்புகளைத் துருவி கே.எம்.எஸ். பற்றி ஒரு முழுப் புத்தகம் போட்டார். பிரித்தானிய விமானிகள் சண்டைப் பறப்புகளில் இருக்கிறார்கள் என்று லண்டனுக்கு அப்போதே தெரியும் என்பதை அந்தக் கோப்புகள் காட்டுகின்றன. 1985 ஒக்ரோபரில் கிளிநொச்சிப் பக்கம் பிரமந்தனாற்றில் ஹெலிகளில் வந்திறங்கிப் பொதுமக்களைக் கொன்றபோது, வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரனைக் கண்டதாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதைய தாட்சர் அரசின் பதில் என்ன? அது தனியார் கம்பனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை. அவ்வளவுதான்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் படைகளில் சேர்வதைத் தடுக்க 1870 இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கோலாவில் பிரித்தானியக் கூலிப்படையினர் பிடிபட்டபோது, 1976 இல், டிப்லொக் பிரபுவின் குழு அதை ஆராய்ந்து, நடைமுறையில் உதவாத சட்டம் என்று எழுதிக் கொடுத்தது. எட்டு வருசம் கழித்து கே.எம்.எஸ். கொழும்பில் போய் இறங்குகிறது. ஓட்டையை அடைக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. கூலிப்படைகளுக்கு எதிராக ஐ.நா. 1989 இல் கொண்டுவந்த உடன்படிக்கையிலும் பிரித்தானியா சேரவில்லை.

இதை வேலையிடத்தில் கதைத்தபோது ஒரு தம்பி கேட்டான். “அண்ணை, நீங்கள் இந்த ரெஸ்ரோரண்டில சம்பளம் காணாட்டி அடுத்த ரெஸ்ரோரண்டுக்குப் போவீங்கள். அவன் பைலட், அவனும் அப்பிடித்தானே? நோர்தோல்ற்றில போலந்துக்காரர் இன்னொரு நாட்டுப் படையில சேர்ந்துதானே பறந்தவை? அவைக்கு நினைவுத்தூண் கட்டியிருக்கு.”

நல்ல கேள்வி. காலையில் ரேடியோவில் ரிறாபிக் செய்தி கேட்பவர்களுக்கு ஏ-40 தெருவில் அந்த நினைவுத்தூண் பெயர் பாடம். நோர்தோல்ற், சவுத் ஹரோப் பக்கம் எங்கட சனம் எவ்வளவு இருக்கிறது, ஆனால் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. 1939 இல் நாட்டைப் பறிகொடுத்து, ருமேனியா, பிரான்ஸ் என்று ஓடி இங்கே வந்தவர்கள் அவர்கள். 1940 இல் லண்டன் வானத்தைக் காத்த சண்டையில் போலந்து விமானிகள் 145 பேர். நோர்தோல்ற்றில் இருந்த 303 ஆம் அணி 126 ஜெர்மன் விமானங்களை விழுத்தியதாகக் கணக்குச் சொன்னது. 1946 ஜூனில் லண்டனில் வெற்றி ஊர்வலம் நடந்தபோது அந்த விமானிகளில் 25 பேரை மட்டும் கூப்பிட்டார்கள். எங்கட மற்றப் படையாட்களைக் கூப்பிடவில்லை என்று அவர்கள் வரவில்லை. தூண் 1948 இல்தான் வந்தது.

நாடு போய், அதை மீட்கிற எண்ணத்தோடு இன்னொருவனின் சீருடையைப் போட்டவர்கள் அவர்கள். கே.எம்.எஸ். விமானிக்குக் கொழும்பில் எந்த நாடு போனது? 2000 ஓகஸ்டில் கட்டுநாயக்காவுக்குக் கிட்ட மிக்-27 விழுந்து செத்த உக்ரேன் விமானிக்கு எங்களோடு என்ன கோபம்? அவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருந்திருக்கும், சோவியத் உடைந்து படைகளில் சம்பளம் ஒழுங்காக இல்லாத காலம், விளங்குது. ஆனால் நான் கடை மாறினால் கறியில் உப்புக் கூடும் குறையும். அவர் மாறினால் கீழே ஒரு ஊர் பங்கருக்குள் போகும்.

அரசாங்கம் ஆள் பிடிக்கலாம்தானே, எதிரில் நின்றவர்களும் ஆயுதத்தோடுதானே நின்றார்கள் என்றும் கேட்கலாம். கேளுங்கள். அதையும் சேர்த்துப் பார்க்கத்தான் விசாரணை. 2020 இல்தான் லண்டன் மெற்றோபொலிற்றன் பொலிஸ், கே.எம்.எஸ். ஆட்கள் இலங்கையில் போர்க்குற்றம் செய்தார்களா என்று விசாரிக்கத் தொடங்கியது. தொடங்கவே முப்பத்தைந்து வருசம். சீனா விசயத்தில் செய்தி வந்து ஒன்பது மாதத்தில் சட்டம் கையில்.

அந்த விமானிகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். பங்கருக்குள் எங்களைத் தள்ளின அம்மாக்களுக்கும் அதே வயதுதான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 84 க்கும் 87 க்கும் இடையில் எந்த ஊர், எந்த மாதம், ஹெலி எந்தப் பக்கத்தால் வந்தது, யார் விழுந்தார்கள், ஓட்டினவனின் முகத்தைக் கண்டவர் உண்டா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், திகதி போட்டுக் கொப்பியிலும் எழுதுங்கள். நான் அம்மாவிடம் தொடங்கிவிட்டேன். மாதம் சரியாக வரவில்லை, மாரி தொடங்கி வெங்காயம் நட்ட நேரம் என்கிறா.