மழைக்கும் எலிக்கும் எட்டாத கோழித் தீனி டின்

ஐப்பசி பிறந்துவிட்டால், கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் நமக்கு இரண்டு தொல்லைகள். பகலில் மழை, இரவில் எலி. தட்டில் போட்ட தீனி நனைந்து கட்டியாகும். மீந்ததை எலி கிளறித் தின்று, அதிலேயே அசுத்தமும் செய்துவிட்டுப் போகும். “கோழிதானே, எதையும் தின்னும்” என்று இருந்துவிடக் கூடாது, சகோதரிகளே!

ஈரமான மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் ‘அஃப்ளடாக்சின்’ என்ற நச்சு உண்டாகும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தது இப்படிக் கெட்டுப்போன பிண்ணாக்கால்தான். வெயிலில் காயவைத்தாலும் இந்த நச்சு முழுசாகப் போகாது. எலியின் சிறுநீரால் மனிதருக்கே எலிக் காய்ச்சல் வரும். வெறுங்காலோடு கொல்லையில் விளையாடும் நம் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். சரி, எலி மருந்து வைக்கலாமென்றால் அதைக் கோழி கொத்தும், தவழும் குழந்தை எடுக்கும். எலிக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் நல்ல வழி.

தேவையானவை: 5 லிட்டர் எண்ணெய் டின் 1, விளிம்புள்ள அலுமினியத் தட்டு 1, தட்டைவிட அகலமான பழைய பேசின் 1, கண் உள்ள கொட்டாங்கச்சி 1, ஒரு போல்ட் நட்டு, கட்டுக் கம்பி, சைக்கிள் டியூப் துண்டு.

செய்முறை: டின்னின் மேல் மூடியை வெட்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு நாலு பக்கமும் துவாரம் வெட்டி, ஓரத்தைக் குறடால் உள்ளே மடக்குங்கள். இல்லாவிட்டால் கோழியின் முகத்தைக் கீறிவிடும். கொட்டாங்கச்சியை டின்னுக்குள் கவிழ்த்து, அதன் கண் வழியாகப் போல்ட்டை விட்டு, டின்னையும் தட்டையும் சேர்த்து முடுக்குங்கள். கொட்டாங்கச்சியின் சரிவில் தீனி தானாக வெளியே இறங்கும்.

டின்னின் வாயில் கம்பியால் பிடி போடுங்கள். பேசினைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டுப் பிடிக்கம்பியை மேலே இழுத்து, ஓட்டையை டியூப் துண்டால் அடையுங்கள். இதுதான் குடை. தட்டுக்கும் பேசினுக்கும் நடுவே ஆறு அங்குல இடம் இருந்தால் கோழி தாராளமாகத் தலையை நுழைக்கும். தாழ்வாரத்துக் கொக்கியில், தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வரும்படி தொங்கவிடுங்கள். தாழ இருந்தால் காலால் சீய்த்து இறைத்துவிடும். அந்த இறைசல்தான் எலிக்கு அழைப்பு!

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இருட்டினால் கோழி தின்னாது, எலியோ இருட்டினால்தான் தின்ன வரும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தேவை. மேய்ந்து திரியும் நாட்டுக் கோழிக்கு அதைவிடக் குறைவே போதும். சாயங்காலம் கோழியை அடைக்கும்போதே டின்னைக் கழற்றி, மீந்த தீனி ஈரமில்லாமல் இருந்தால் இறுக்கமான மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டிவிடுங்கள். நனைந்ததைக் குப்பைக் குழியில் போட்டு மண் மூடுங்கள். சாக்கையும் பிளாஸ்டிக் வாளியையும் எலி கடித்துவிடும். கால் அங்குலச் சந்து இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். கீழே சிந்தியதைப் பெருக்கிவிட்டால் எலிக்குக் கொல்லையில் வேலையே இல்லை.

வாரம் ஒரு முறை தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். குழந்தைக்குக் கொடுக்கிற முட்டையைப் பற்றிக் கவலையில்லாமல் இருக்கலாம்.