இன்ஜினை நாமே மாட்டினா 9,000 ரூபாய் மிச்சமா?

ஜூலை மாசம் எங்க ஆபீஸ்ல வருமான வரி ரிட்டர்ன் சீசன். ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கிட்டு வந்த ஒரு தம்பி, வேலை முடிஞ்ச பிறகும் எழுந்திரிக்கலை. "சார், இன்னொரு கணக்கு கேக்கலாமா?"ன்னார்.

விஷயம் இதுதான். அவர்கிட்ட 2011 மாடல் சின்ன கார் ஒண்ணு இருக்கு. 796 சிசி, மூணு சிலிண்டர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. புகை தள்ள ஆரம்பிச்சது, ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. ரெண்டு நண்பர்களைக் கூட்டிக்கிட்டு, வீட்டு போர்டிகோவுலேயே ஒரே ஞாயித்துக்கிழமையில இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கிட்டார். இன்ஜின் லேத்துக்குப் போய், போர் பண்ணி, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு வந்தாச்சு. இனி திருப்பி ஏத்தணும். மெக்கானிக் கூலியா 9,000 ரூபாய் கேக்கறார்.

"இறக்கினது நாங்கதானே சார். மாட்டவும் நாங்களே மாட்டிட்டா 9,000 மிச்சம்தானே?"

இல்லைன்னு சொன்னேன். இந்தக் கேள்வி காருக்கு மட்டும் இல்லை, "நானே பண்ணிக்கிட்டா காசு மிச்சம்"னு நீங்க நினைக்கிற எல்லாத்துக்கும் பொருந்தும். அதனால கணக்கை முழுசா போட்டுப் பார்ப்போம்.

முதல்ல, ஒரு தப்பான கணக்கைத் தள்ளி வெச்சுடறேன். பல பேர் சொல்றது இது: "மாசம் 60,000 சம்பளம், 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம். அப்படின்னா உங்க ஒரு மணி நேரத்தோட விலை கிட்டத்தட்ட 340 ரூபாய். 30 மணி நேரம் காருக்கு அடியில படுத்தா 10,200 ரூபாய் நஷ்டம்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மாசச் சம்பளக்காரருக்கு இது செல்லாது. ஞாயித்துக்கிழமை நீங்க சும்மா படுத்திருந்தா கம்பெனி மணிக்கு 340 ரூபாய் தரப்போறதில்லை. விக்க முடியாத நேரத்துக்கு விலை போட்டு பயமுறுத்தக் கூடாது.

சரியான கேள்வி வேற. இந்த முடிவால, இன்னையில இருந்து எந்தெந்தச் செலவு மாறும்? அதை மட்டும்தான் பார்க்கணும். லேத் பில் கட்டியாச்சு; யார் மாட்டினாலும் அது திரும்பி வராது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், புது கிளட்ச் பிளேட் எல்லாம் யார் மாட்டினாலும் வாங்கித்தான் ஆகணும். இதையெல்லாம் கணக்குல இருந்து எடுத்துடுங்க. மிச்சம் மூணு விஷயம்தான்: டூல்ஸ், நாள், தப்பு.

டூல்ஸ்: உத்தேசமா போடுவோம். டார்க் ரென்ச் 2,500, கார் ஸ்டாண்ட் ஒரு ஜோடி 2,000, கிளட்ச் பிளேட்டை சென்டர் பண்ற டூல் 500, செயின் பிளாக் வாடகை 1,000. மொத்தம் 6,000.

நாள்: மெக்கானிக் ரெண்டு நாள்ல முடிப்பார். நீங்க நாலு வார இறுதி எடுப்பீங்க. நடுவுல 15 வேலை நாள் கார் கிடையாது. பெட்ரோல் செலவைவிட கேப் செலவு நாளுக்கு 150 ரூபாய் கூடன்னு வெச்சாலும், 13 நாளுக்கு 1,950.

ஆக 9,000-ல 7,950 போயாச்சு. கையில நிக்கறது 1,050 ரூபாய். "டூல்ஸ் அப்புறமும் உதவுமே சார்"னு கேட்டார். நியாயம்தான், பாதி விலையைத் திருப்பிச் சேர்த்துக்குங்க. 4,000 ரூபாய் மிச்சம்னு வெச்சுக்குவோம். இந்த 4,000-க்குத்தான் மூணாவது விஷயத்தை நீங்க தலையில ஏத்திக்கிறீங்க.

தப்பு: கழட்டும்போது தப்பு பண்ணா பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மாட்டும்போது பண்ற தப்பு வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். கிளட்ச் பிளேட் நடுவுல உக்காரலைன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகாது. பொறுமை போய், போல்ட்டை முறுக்கி இழுத்துப் பொருத்தப் பார்த்தா கியர்பாக்ஸ் காது உடையும், இல்லைன்னா பிளேட் வளையும். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற எர்த் வயரை மாட்ட மறந்தா, ஸ்டார்ட்டருக்குப் போற கரன்ட் வேற வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் கருகும். கூலன்ட்ல காத்து சரியா எடுக்கலைன்னா இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். கியர் ஆயில் ஊத்த மறந்தா கியர்பாக்ஸே போகும். கிரான்க் ஆயில் சீலை இப்போ மாத்தாம விட்டு, அது கசிய ஆரம்பிச்சா, கியர்பாக்ஸைத் திரும்ப இறக்கணும்.

அஞ்சுல ஒரு வாய்ப்பு இப்படி ஏதாவது நடக்கும், நடந்தா 15,000 ஆகும்னு வைங்க. அந்த ரிஸ்க்கோட விலை 3,000 ரூபாய். இப்போ மிச்சம் 1,000. முதல் தடவை மாட்டுற ஒருத்தருக்கு அஞ்சுல ஒண்ணுங்கிறது தாராள மனசோட போட்ட கணக்கு.

மெக்கானிக் தப்பு பண்ண மாட்டாரான்னா, பண்ணுவார். ஆனா அப்போ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணே, சரி பண்ணிக் கொடுங்க"ன்னு கேக்க ஒரு இடம் இருக்கு. 9,000 ரூபாய்ல கூலி மட்டும் இல்லை, அந்தப் பொறுப்பும் சேர்ந்துதான் இருக்கு. நம்ம கார் இன்ஷூரன்ஸ் இந்த இடத்துக்கு வராது. முழு கவர் பாலிசி வெச்சிருந்தாலும் தேய்மானம், மெக்கானிக்கல் பழுது, எலெக்ட்ரிக்கல் பழுது எல்லாம் அதுல விலக்கு. போர்டிகோவுல உடைச்ச கியர்பாக்ஸுக்கு உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்தான் கிளெய்ம் தரும்.

ரூபாய்ல போட முடியாத ஒண்ணும் இருக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில படுக்காதீங்க. சமமான, கெட்டியான தரையில ஸ்டாண்ட் வெச்சுத்தான் போகணும். தொங்குற இன்ஜினுக்குக் கீழே கையையோ காலையோ வைக்கவே கூடாது. இதுல "பரவாயில்லை, ரெண்டு நிமிஷம்தானே"ங்கிற பேச்சே வேண்டாம்.

அந்தத் தம்பி கேக்க மறந்த இன்னொரு கேள்வி இருந்தது. 2011-ல பதிவான சொந்த காருக்கு 2026-ல 15 வருஷம் முடியுது. ஆர்சியை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும்னா வண்டி தகுதிச் சோதனையில தேறணும். 2022 ஏப்ரல்ல இருந்து மத்திய அரசு விதிப்படி புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். தமிழ்நாட்டுல பசுமை வரியும் உண்டு. லேத்துக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பார்த்திருக்க வேண்டிய செலவு இது. இவருக்கு அதே பிளாக்கை போர் பண்ணினதால இன்ஜின் நம்பர் மாறலை. உங்கள்ல யாராவது பழைய இன்ஜின் ஒண்ணை வாங்கி மாத்தினா, ஆர்சில இருக்கிற நம்பர் மாறுது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதுக்குன்னே இருக்கு. முன் அனுமதி வாங்காம மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குச் சொல்லணும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்க.

அப்போ யாருமே வீட்டுல மாட்டக் கூடாதான்னா, அப்படிச் சொல்லலை. ஏற்கெனவே ஒரு தடவையாவது மாட்டின ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். ஆபீஸ் போக அந்தக் கார் தேவைப்படக் கூடாது. தப்பானா போடறதுக்கு 15,000 தனியா இருக்கணும், அது எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வெச்ச காசா இருக்கக் கூடாது. இந்த மூணும் இருந்தா தாராளமா பண்ணுங்க. ஆனா அதை "சேமிப்பு"ன்னு எழுதாதீங்க, "பொழுதுபோக்கு"ங்கிற தலைப்புல எழுதுங்க. டிரெக்கிங் போறவங்க செலவு பண்றாங்க, நீங்க இதுக்குப் பண்றீங்க. அதுல எந்தத் தப்பும் இல்லை. ஆசையைச் சேமிப்புன்னு பேர் மாத்தி எழுதினாத்தான் கணக்கு கெட்டுப் போகும்.

உண்மையாவே காசு மிச்சம் பண்ணணும்னா சின்ன வேலையில ஆரம்பிங்க. ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி மாத்தறது மாதிரி. டூல்ஸ் செலவு கம்மி, தப்பு பண்ணினாலும் விலை கம்மி, வருஷா வருஷம் அதே வேலை வரும். அங்கேதான் கத்துக்கிட்டது பணமா திரும்பும்.

அந்தத் தம்பி கடைசியில மெக்கானிக்கையே கூப்பிட்டார். "அண்ணே, கூட நின்னு பார்த்துக்கலாமா?"ன்னு மட்டும் கேட்டிருக்கார். "பார்க்கறது என்ன, வந்து கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடி"ன்னு அவர் சொல்ல, ரெண்டு நாள் லீவு போட்டுக் கூடவே நின்னிருக்கார். 9,000 ரூபாய் கொடுத்தார். வண்டியும் ஓடுது, வேலையும் கத்துக்கிட்டார். அவர் செலவுக் கணக்கை நான் எழுதியிருந்தா அதுல பாதியைப் படிப்புச் செலவுன்னு போட்டிருப்பேன்.

நீங்களும் "நானே பண்ணிக்கிறேன்"னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு வரி எழுதுங்க: டூல்ஸ், நாள், தப்பு. கூட்டிப் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்க.